பூவாத்தா ஒழிக

ஏனுங்ணா, ஏனுங்ணா, அதைக் குடிச்சறாதீங்க. மொதல்ல கையை எடுங்க. தாகமா இருந்தா இந்தாங்க, இந்தப் பாட்டல்ல இருக்கறது நல்ல தண்ணி, ஈரோட்டு பஸ் ஸ்டேண்டுல காசு குடுத்து வாங்குனது. அந்தக் கேன்ல இருக்கறது எங்கெணத்துத் தண்ணிங்க. பாக்கறதுக்குக் கண்ணாடியாட்டந்தான் இருக்கும். எம்மச்சானும் பாக்கறதுக்கு அப்படித்தானுங்க இருப்பான், வெள்ள வேட்டி, வெள்ளச் சட்டை.

கெணத்துத் தண்ணிய மடியில வெச்சுக்கிட்டுக் கரூர் பஸ்ஸுல போறானே, இவன் என்ன கிறுக்கனான்னு பாக்கறீங்க. பாக்கலாம், தப்பில்ல. நீங்க எங்க எறங்கோணும்? கரூரா? அப்பச் செரி, நாங்க உங்களுக்கு முந்தியே எறங்கிருவோம். அதுக்குள்ள சொல்லி முடிச்சறலாம். நாங்கன்னா நானும் எம்பொண்டாட்டியும். அதோ, முன்னால சன்னலோரம் நீலச் சேலை, மடியில பையி, அவதான். பேரு பூவாத்தா. அந்தப் பேரை மட்டும் ஞாபகம் வெச்சுக்கங்க, கதையே அதுலதான் இருக்குது. பக்கத்துல எடம் இருந்தும் நான் ஏன் இங்க வந்து உக்காந்திருக்கறேன்னா, அவளுக்குக் கொஞ்ச நாளாத் தொண்டை செரியில்லீங்க. பேச முடியறதில்ல. பேசாத ஆளுகூட எப்படிங்க உக்கார்றது? எனக்கு வாயி சும்மா இருந்தா வயித்து வலி வந்துரும்.

எம்பேரு சென்னியப்பன். வேலங்காட்டுப்புதூரு. எளநி யாவாரம். ஈரோட்டுல ஒரு ஆசுபத்திரி வாசல்ல வண்டி போட்டிருக்கறேன். படிப்பெல்லாம் பள்ளிக்கோடத்து மதில் மேல உக்காந்து மாங்கா தின்ன அளவுக்குத்தான். வாயி மட்டும் உண்டு. தலையில முடியில்லாதவரு யாராச்சும் வந்து வழுக்கையா ஒண்ணு வெட்டுன்னாருன்னா, ஏனுங்க, அதுதான் ஏற்கனவே இருக்குதே, தண்ணிக்காயா வெட்டறேனுங்கன்னு சொல்லுவேன். கோவிச்சுக்க மாட்டாங்க. சிரிச்சுக்கிட்டே ரெண்டு குடிப்பாங்க. குசும்பு சாஸ்தின்னாலும் காயி நல்ல காயி. எந்தோட்டத்துக் காயி. எங்கெணத்துத் தண்ணியில வெளஞ்சது.

இப்ப மச்சானுக்கு வாறேன். திருமூர்த்தின்னு பேரு. பூவாத்தாளுக்குக் கூடப்பொறந்த அண்ணன். நானும் அவனும் ஒண்ணா எருமை மேச்சவங்க, அதனால வாடா போடாதான். அந்த வயசுலயே அவன் எருமைய நான் மேப்பேன், எஞ்சோத்த அவன் தின்பான். அப்பவே நான் உசாரா இருந்திருக்கோணும்.

எந்தோட்டத்துக்கு அக்கட்டால, ஓடைப் பள்ளத்தோரமா மானாவாரிக் காடு ஒண்ணு. அது பூவாத்தாளுக்குப் பங்குல வந்ததுங்க. அண்ணன் பட்டறை கட்டோணும்னு கேட்டான், இவ கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டா. எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல. கேட்டா நான் வேண்டாமுன்னா சொல்லியிருப்பேன்? சொல்லியிருப்பேன், அது வேற விசியம். துணி வெளுக்கற பட்டறைங்க. தங்கச்சி காடு, தங்கச்சி ராசின்னு பேரும் அவ பேரையே வெச்சான். 'பூவாத்தா ப்ளீச்சிங்.' நொழையற எடத்துல வளைவு கட்டி, பேரைச் சுத்திக் கலர் பல்பு போட்டு உட்டான். பொழுது சாஞ்சா எங்கூட்டு வாசல்ல இருந்து பாத்தாத் தெரியும். இவ சாணி அள்ளிக்கிட்டிருந்தாலும் போட்டுட்டு வந்து பாப்பா. "ஏனுங்க, எம்பேரு எரியுது பாருங்க"ம்பா. எனக்கு ஒரு பக்கம் சிரிப்பு, ஒரு பக்கம் எரிச்சல். எம்பேரை எவனும் பல்புல போடல. அவளே எம்பேரைச் சொல்ல மாட்டாளே. ரேசன் கடையில ஊட்டுக்காரர் பேரு என்னன்னு கேட்டா, சென்னிமலையில பாதி, அப்பனைச் சேத்துக்கங்கன்னு சொல்லுவா. அந்தக் காலத்துப் பொம்பளைங்க மாதிரி, புருசன் பேரச் சொன்னா ஆயுசு கொறஞ்சுரும்னு பயம். இந்த நாள் வரைக்கும் அவ வாயில எம்பேரு வந்ததில்லீங்க.

பட்டறை ஓட ஆரம்பிச்சுக் கொஞ்ச வருசம் ஒண்ணும் தெரியல. பொறவு ஒரு கோடையில, ஆசுபத்திரி வாசல்ல, நல்லாக் கூட்டம். ஒரு பெரிய மனுசன் வந்தாரு. வெட்டிக் குடுத்தேன். ஒரு உறிஞ்சு உறிஞ்சுனாரு பாருங்க, அப்படியே எம்மேல துப்புனாரு. என்னய்யா, உப்புப் போட்டு விக்கறியான்னாரு. நான் அந்தக் காயை வாங்கிக் குடிச்சுப் பாத்தேன். கண்ணீரு மாதிரிக் கரிச்சுதுங்க. இன்னொண்ண வெட்டுனேன், அதுவும் அப்படி. வண்டியில இருந்ததெல்லாம் அப்படி. சுத்தி நின்ன ஆளுங்க சிரிச்சாங்க. வருசம் பூரா நான் மத்தவங்களப் பாத்துச் சிரிச்சவன், அன்னிக்கு எல்லாருஞ் சேந்து என்னப் பாத்துச் சிரிச்சாங்க. அந்த எச்சில்கூடக் காஞ்சுருச்சுங்க, அந்தச் சிரிப்பு இன்னும் காயல.

ஊட்டுக்கு வந்து கெணத்துத் தண்ணியக் குடிச்சா அதே உப்பு. எருமைக்குக் கன்னு செத்துப் பொறந்துச்சு. பூவாத்தா அந்தக் கன்னைச் சேலையில சுத்தி வெச்சுக்கிட்டு அழுதா. தென்னை ஓலையெல்லாம் நுனியில இருந்து கருகிக்கிட்டு வந்துச்சு. விசாரிச்சுப் பாத்தா, பட்டறைக்குள்ள தண்ணி வத்திப்போன ஒரு பழைய போர்வெல் குழி இருக்குது, அதுக்குள்ளதான் கழிவுத் தண்ணிய எறக்கறானுங்கன்னு அங்க வேலை செய்யறவனே சொல்றான். பள்ளத்துல உட்டா ஊருக்குத் தெரியும் பாருங்க. பூமிக்குள்ள உட்டா எவனுக்குத் தெரியும்? துணிய வெளுத்துட்டு ஊரைக் கறுக்கற தொழில்.

போயி நல்ல வெதமாத்தான் சொன்னேன். அன்னிக்கு அவன் பேத்திக்குக் காதுகுத்து. ஒறவு ஒறம்பரை முச்சூடும் பந்தியில உக்காந்திருக்குது. மச்சான், எளநியெல்லாம் உப்பாயிருச்சு, அந்தக் குழிய மூடுன்னேன். அவன் எலையில இருந்த அப்பளத்தை நொறுக்கிக்கிட்டே சொன்னான்:

"நல்லதுதானே மாப்ள. உப்பு எளநின்னு போர்டு மாட்டி வெலைய ஏத்தி வில்லு. ஆசுபத்திரிக்காரங்க குளுக்கோசு போட வேண்டியதில்ல, உங்காயத் தொங்க உட்டாப் போதும்."

பந்தியே சிரிச்சுதுங்க. பாயாசம் ஊத்திக்கிட்டிருந்தவன் எலையில ஊத்தாமக் கீழ ஊத்திட்டான், அப்படிச் சிரிப்பு. நல்ல நக்கலுங்க, இல்லைன்னு சொல்லல. நானா இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். அதுதான் பொறுக்கல. அன்னில இருந்து ஊருக்குள்ள எம்பேரு 'உப்பெளநி'. சின்னப் பசங்க சைக்கிள்ல போறப்பக் கத்திட்டுப் போவானுங்க.

எனக்குப் பழி வாங்கற புத்தி கெடையாதுங்க. மறக்கற புத்தியும் கெடையாது.

மனு குடுத்தேன். ஒரு ஆபீசர் சோதனைக்கு வந்தாரு, பாவம், நல்ல மனுசன். அவரு வாறது மச்சானுக்கு முந்தியே தெரிஞ்சிருக்குது. லாரித் தண்ணியக் கொண்டாந்து தொட்டி பூரா ரொப்பி வெச்சிருந்தான். வாசல்ல நின்னு கும்புடு போட்டு, சார், எங்க பட்டறையில இருந்து ஒரு சொட்டுத் தண்ணி வெளிய போகாது, எல்லாத்தையும் சுத்தம் பண்ணி நாங்களே திருப்பிப் பொழங்கறோம்னான். ஒரு டம்ளர்ல மோந்து அவரு கண்ணு முன்னாலயே குடிச்சுங் காட்டுனான். எங்கெணத்தையும் எட்டிப் பாத்தாரு. கலரு இல்ல, நொரை இல்ல. உப்பு எல்லாப் பக்கமும் இருக்கறதுதானேன்னு போயிட்டாரு. மச்சான் எந்தோள்ல கை போட்டு, மாப்ள, தண்ணியில உப்பில்ல, உன்ற நாக்குலதான் இருக்குதுன்னான்.

கழுவிப் பாத்தேனுங்க, நாக்கை.

அதுக்கப்பறம் ஒரு வெள்ளிக்கெழம. பூவாத்தா வாசல் நெலவுப்படிக்கு எண்ணெயில கொழச்ச மஞ்சப் பூசிக்கிட்டிருந்தா. பூசி முடிச்சு, கையைக் கழுவறதுக்குக் கெணத்துத் தண்ணிய ஊத்துனா. ஊத்துனதுதான், 'அய்யோ'ன்னு ஒரு சத்தம். ஓடிப் பாத்தா, படியில இருந்து ரத்தமா ஓடுது. அவ கையி ரெண்டும் செவப்பு. வெட்டிக்கிட்டாளோன்னு பதறிப் பாத்தா, காயம் ஒண்ணுமில்ல. மஞ்சதான். மஞ்சதான் செவந்திருக்குது. மாரியாத்தா கோவிச்சுக்கிட்டான்னு இவ கன்னத்துல போட்டுக்கறா. எனக்கு மட்டும் வேறொண்ணு தோணுச்சு. ஏனுங்ணா, கல்யாணத்துல ஆரத்தி கரைக்கறாங்களே, அது எப்படிச் செவக்குது? மஞ்சத் தண்ணியில துளி சுண்ணாம்பு. சுண்ணாம்புல காரம் இருக்குது. அப்ப எங்கெணத்துல சுண்ணாம்பு போடாமயே காரம் இருக்குது. எவன் போட்டது?

நான் அவகிட்ட ஒண்ணுஞ் சொல்லல. ஆமா, ஆத்தா கோவந்தான்னேன். அடுத்த மாசம் மாரியம்மன் நோம்பி.

எங்கூர்ல நோம்பி முடியறன்னிக்கு மஞ்சநீராட்டு. உங்க பக்கமும் உண்டுதானே? மாமன் மச்சான், கொழுந்தியா, மொறையுள்ளவங்க மேல மஞ்சத் தண்ணிய ஊத்தலாம். ஊத்துனா யாருங் கோவிச்சுக்கக் கூடாது. கலெக்டரே மொறையா இருந்தாலும் ஊத்தலாம். மச்சானுக்கு ஊத்தறதுக்கு என்ன உட்டா ஆரு? சட்டமே எங்கையில இருக்குதுங்க.

அந்த வருசம் நோம்பியில அவனுக்குத்தான் மொதல் மரியாதை. அம்மனுக்கு வெள்ளிக் கவசம் பண்ணிப் போட்டிருந்தான். கோயல் வாசல்ல நாற்காலி போட்டு, பட்டு வேட்டி, வெள்ளச் சட்டை, கழுத்துல மாலையோட உக்காந்திருக்கறான். அதே வளைவுல இருந்த பல்பையெல்லாங் கழட்டிக் கோயலுக்குக் கட்டியிருந்தான். காலையில நான் பூவாத்தாகிட்ட, உங்கண்ணனுக்கு ஊத்தோணும், கெணத்துல மோந்து நீயே மஞ்சக் கரைச்சுக் கொண்டான்னேன். அவளுக்குச் சந்தோசம். வெசனமெல்லாம் மறந்து அண்ணனும் புருசனும் பழையபடி வெளையாடப் போறாங்கன்னு நெனச்சிருப்பா. கொடத்தைக் கழுவி, தண்ணி மோந்து, மஞ்சத்தூளக் கொட்டுன கையோட வேப்பல சொருகி, மேல ஒரு தட்டு மூடி, தலையில வெச்சு அவளே தூக்கிட்டு வந்தா. வழியில தெறந்து பாக்கல. நானும் பாக்க உடல.

கூட்டத்துக்கு நடுவுல போயி நின்னேன். மச்சான் சிரிச்சுக்கிட்டே, வாடா உப்பெளநின்னான். கூட்டம் சிரிச்சுது. கொடத்தை வாங்குனேன், தட்டை எடுத்தேன், தலையில இருந்து ஊத்துனேன்.

செவப்புங்க. வெள்ளச் சட்டையில செவப்பு, மாலையில செவப்பு, பட்டு வேட்டி முச்சூடும் செவப்பு. தாடையில இருந்து சொட்டுச் சொட்டா வடியுது. மேளக்காரன் கையி அப்படியே நின்னுபோச்சு. பொம்பளைங்க கொலவை போட வாயத் தெறந்தவங்க தெறந்தபடி நிக்கறாங்க. எனக்கா, என்ன சொல்லட்டும், பொங்கலுக்குப் புதுத்துணி போட்ட மாதிரி இருந்துச்சு.

மொதல்ல மச்சான் பதறல. கெட்டிக்காரன். மொகத்தைத் தொடைச்சுக்கிட்டே, இவன் சுண்ணாம்பு கலந்துட்டான், ஆரத்தி கரைச்சுட்டு வந்திருக்கறான்னான். ஆரத்தின்னா நல்லதுதானேன்னுகூட ஒருத்தன் சொன்னான். கூட்டம் மூச்சு உட்டுச்சு. அங்கதான் நான் புடிச்சேன். நான் கரைக்கல மச்சான், உன்ற தங்கச்சிதான் கரைச்சா, அவளையே கேளுன்னேன்.

எல்லாரும் அவளைப் பாத்தாங்க. அவ அண்ணனைப் பாத்தா, என்னப் பாத்தா, அவ கையைப் பாத்தா. பூசாரி கேட்டாரு, ஆத்தா முன்னால சொல்லு, சுண்ணாம்பு போட்டியா?

"இல்லீங்க. எங்கெணத்துத் தண்ணி. மஞ்ச. அவ்வளவுதான்."

அந்த மாதிரி ஒரு சாட்சி கோர்ட்டுல காசு குடுத்தாலுங் கெடைக்காதுங்க. அவ சொல்லிட்டு அப்படியே உக்காந்துட்டா. அதுதான் அவ எம்முன்னால கடைசியாப் பேசுனது. மஞ்சத்தண்ணி தெறிச்சுச் சளி புடிச்சிருக்கோணும், அன்னிக்குப் புடிச்ச தொண்டைக் கட்டுதான் இது.

அப்பறம் பூசாரி பொண்டாட்டிக்குச் சாமி வந்துருச்சு. தலைய விரிச்சுப் போட்டுக்கிட்டு ஆடுது. எம்பிள்ளைங்களக் கண்ணீரு குடிக்க வெச்சவன் குடுத்த கவசம் எனக்கு வேண்டாம், கழட்டுங்கடா, அவன் வாசப்படி மிதிக்கக் கூடாதுங்குது. கூட்டம் கன்னத்துல போட்டுக்குது. கவசத்தைக் கழட்டறதுக்கு ரெண்டு பேரு உள்ளயே போயிட்டாங்க. மச்சானுக்கு மானம் போகுது. வெள்ளியப் பத்திக் கவலையில்ல, ஊரு முன்னால சாமி வேண்டாங்குதே. எந்திரிச்சு நின்னு கத்துனான் பாருங்க:

"சாமியும் இல்ல, பூதமும் இல்ல, படிக்காத முண்டங்களா. தண்ணியில காரம் இருந்தா மஞ்ச செவக்கத்தான் செய்யும். எம்பட்டறைத் தண்ணியில நான் தெனமும் பாக்கறேன்."

ஆட்டம் நின்னுருச்சு. சாமி மலையேறாமயே நின்னு கேக்குது. ஊரே கேக்குது. செல்போன வெச்சுப் படம் புடிச்சுக்கிட்டிருந்தவனுங்க கை ஆடாமக் கேக்கறானுங்க. நான் சத்தம் போடல. கொடத்தைக் கீழ வெச்சுட்டு நொம்பப் பணிவாக் கேட்டேன்.

"செரி மச்சான். உம்பட்டறையில இருந்துதான் ஒரு சொட்டு வெளிய போகாதே. எங்கெணத்துல மோந்த தண்ணிக்கு நீ எதுக்கு உம்பட்டறைக் கதையச் சொல்றே?"

அவன் கழுத்து மாலையக் கழட்டிப் பிச்சுப் பிச்சுக் கீழ போட்டான். அப்பளம் நொறுக்குன கையிங்க அது.

அடுத்த நாளு எங்கூருக் கடையில மஞ்சத்தூளு இல்ல. எல்லா ஊட்டுலயும் அவங்கவங்க தண்ணியில போட்டுப் பாக்கறாங்க. பள்ளத்துக்கு இந்தப்பக்கம் இருக்கற ஊட்டுலயெல்லாம் செவப்பு. வாசல் வாசலா செவப்பா ஊத்தி உட்டு, தெருவே கெடா வெட்டுன மாதிரி கெடந்துச்சு. கொடத்தைத் தூக்கிக்கிட்டுக் கலெக்டர் ஆபீசு போனோம். பூட்டுப் போடற வரைக்கும் பட்டறை முன்னால பந்தல் போட்டு உக்காந்தோம். கோசம் போடறது நாந்தான். வாயி இருக்கறவன் நானொருத்தன்தானே.

"பூவாத்தா ஒழிக. ஊரைக் கெடுத்த பூவாத்தா ஒழிக. பூவாத்தாளுக்குப் பூட்டுப் போடு."

சிரிக்கறீங்க. ஆமாங்க, பேரு அதுதானே, நான் என்ன பண்ணட்டும்? ஊரே கத்துது, சின்னஞ்சிறுசுக எல்லாங் கத்துது. எங்கூடு பந்தலுக்கு எதுக்கவே இருக்குது. இவ உள்ள மாவாட்டிக்கிட்டிருப்பா. நான் மத்தியானம் சோத்துக்குப் போறப்ப, உன்னச் சொல்லலடி, பட்டறையச் சொல்றோம்னு சொல்லிட்டுத்தான் உக்காருவேன். சோத்தைப் போடுவா, பேச மாட்டா. தொண்டை. ஒரு நாளு ஊர்வலம் போறப்ப ஒருத்தன் வெளக்கமாத்துல சேலையச் சுத்தி, பூவாத்தான்னு அட்டை எழுதிக் கட்டிக் கொளுத்திப்புட்டான். நல்ல யோசனை, நாந்தான் சொல்லிக் குடுத்தேன். அது எங்கூட்டு வாசல்லதான் எரிஞ்சு முடிஞ்சுது. அவ கதவோரம் நின்னு பாத்தா. எனக்குப் பழைய ஞாபகம் வந்து, ஏ, உம்பேரு எரியுது பாருன்னேன். சிரிப்பான்னு நெனச்சேன். சிரிக்கல.

பூட்டுப் போட்டாங்க. கரண்ட்டைப் புடுங்குனாங்க. அன்னிக்கு நான் எந்தோட்டத்துல கடைசியா நின்ன மரத்துல ஒரு காய வெட்டி, சீவி, குழலு போட்டு, மச்சானுக்குக் குடுத்து உட்டேன். உப்புச் செரியா இருக்குதான்னு பாத்துச் சொல்லச் சொல்லுன்னேன். அவன் ஒரு சொட்டு மிச்சம் வெக்காமக் குடிச்சுட்டு, வெறுங்கூட்டைத் திருப்பி அனுப்பியிருந்தான். மாப்ள கை ருசின்னானாம். பாத்தீங்களா, அப்பவும் திமிரு.

கெணறா? கெணறு அப்படியேதானுங்க இருக்குது. பட்டறைய மூடுனாப் பூமிக்குள்ள போனது திரும்பியா வரும்? மரமெல்லாம் போச்சு. நான் இப்பப் பொள்ளாச்சிக் காயி வாங்கித்தான் விக்கறேன். குடிக்கறதுக்கு லாரித் தண்ணி வருது, இவதான் கொடத்தோட நிப்பா. அதெல்லாங் கெடக்குது. அவன் பட்டறைக் கேட்டு பூட்டியிருக்குதா இல்லியா? தெனமும் காலையில எந்திரிச்சதும் போயி அந்தப் பூட்டை ஒரு ஆட்டு ஆட்டிப் பாத்துட்டுத்தான் பல்லு வெளக்குவேன்.

பேச்சுதான் இவளுக்கு வரல. எருமைகிட்ட மட்டும் பேசுவா. எருமைக்குக் காது பக்கத்துலயே இருக்குதில்ல, சத்தம் வேண்டியதில்ல. "ஏன்டி கருப்பி, சோறு ஆறுது, திங்கறவங்களத் திங்கச் சொல்லு"ம்பா. நானும் எருமைகிட்ட, கருப்பி, உப்புக் கொறைச்சலுன்னு சொல்லுன்னு சொல்லி உடுவேன். நல்ல வெளையாட்டுத்தான். வைத்தியரு கசாயம் குடுத்தாரு, கேக்கல.

போன வாரம் பாருங்க, காயி எறக்க வந்த லாரிக்காரன் என்னப் பாத்து ஒரு மாதிரி சிரிச்சான். ஏனுங்ணா, மணல்மேட்டுப்பட்டியில பட்டறை போட்டிருக்கறீங்களாமே, ஊரே உங்களத் திட்டுதேன்னான். நான் எங்கடா பட்டறை போட்டேன்? செல்போன்ல படம் காட்டுனான். ஆத்தோரம் புதுசா ஒரு பட்டறை. வளைவு. சுத்தியும் கலர் பல்பு. 'சென்னியப்பன் ப்ராசஸிங்.'

மச்சான் வேலைங்க. ஏன்டா இந்தப் பேருன்னு எவனோ கேட்டதுக்கு, எம்மாப்ள நொம்ப ராசிக்காரன், வாயத் தெறந்தா ஊரே தெரண்டுரும்னானாம்.

அந்த ஊர்லயும் இப்ப ஆடு மாடு தண்ணி குடிக்க மாட்டீங்குதாம். இன்னிக்குப் பட்டறை முன்னால கூட்டம். எங்கூரு மஞ்சக் கதையக் கேள்விப்பட்டு, நீங்க வந்து செஞ்சு காட்டோணும், கோசமும் போடோணும்னு கூப்புட்டாங்க. அதான் இந்தக் கேனு. மொதல்ல எங்க தண்ணியில மஞ்சப் போட்டுக் காட்டிட்டு, பொறவு அவங்க தண்ணியில போடோணும். அவனையும் உடப்போறதில்ல. எங்க போனாலும் போவேன். அவன் எமலோகத்துல பட்டறை போட்டாலும் கொடத்தோட போயி நிப்பேன்.

ஒரே ஒரு சங்கடந்தான். சென்னியப்பன் ஒழிகன்னு நான் எப்படிங்க கத்தறது? எம்பேரை நானே? நேத்துத் தொழுவத்துல நின்னு மெதுவாச் சொல்லிப் பாத்தேன். நாக்கு பொரளல. அதை இவ கேட்டுட்டா போல. காலையில பாத்தா, கல்யாணத்துக்குப் போற மாதிரி நீலச் சேலை கட்டி நிக்கறா. எருமைக்குத் தண்ணி காட்டிக்கிட்டே சொல்றா, "கருப்பி, நானும் வாறேன்னு சொல்லு. கோசம் அவங்க போட வேண்டாம். நான் போடறேன்"னு.

எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சுங்க. இத்தன நாளா அண்ணன் பக்கமோ என்னமோன்னு ஒரு சந்தேகம் எனக்குள்ள இருந்துச்சு. இல்ல. புருசனுக்காகப் பேரைச் சொல்லக்கூட வந்துட்டா. ஆயுசு கொறஞ்சாலுங் கொறையட்டும்னு நெனச்சிருப்பா. ஈரோட்டுல எறங்கி, அவளாக் கடையில கேட்டுப் பனங்கல்கண்டு வாங்கி வாயில போட்டுக்கிட்டா. அவ சத்தம் பெருசுங்க. அந்தக் காலத்துல காட்டுல இருந்து கூப்புட்டா ஊருக்குள்ள இருக்கற நாயெல்லாம் எந்திரிச்சு நிக்கும்.

இதோ, எங்க ஸ்டாப்பு வருது. இந்தக் கேனைச் சித்தப் புடிங்க, எந்திரிச்சுக்கறேன். பாருங்க, ஆத்தோரம், அந்த வளைவுதான். பகல்லயே பல்பை எரிய உட்டிருக்கறான், திமிரு. அவளும் எட்டிப் பாக்கறா. இங்க திரும்பறா பாருங்க. ஏனுங்ணா, சிரிக்கறா. எத்தன மாசமாச்சு அவ சிரிச்சு.

தொண்டையக் கனைக்கறா, கேக்குதுங்களா? நாந்தான் சொன்னேனே, வெறுந் தொண்டைக் கட்டுதான்னு. செரியாப் போச்சு.